விரித்த கை

மார்ச் 8, 2020

இன்று மூன்று சவாரி. காலையில் செந்நாய்க் கூட்டம். மத்தியானம் வெறும் மயில். மாலையில் புலி, அதுவும் முதுகும் வாலும்தான். பெங்களூர் கெஸ்ட் அதற்கே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பார்த்ததை எழுதிவைக்கத்தான் இந்த டைரி. "போன வாரம் இதே வளைவுலதாங்க படுத்திருந்துச்சு" என்று தேதியோடு சொன்னால் கெஸ்ட் முகம் மலரும். கைக்கு வருவதும் கொஞ்சம் கூடும்.

புலி கிடைத்தது பசவன் தயவில். மாயாற்றை ஒட்டிய காட்டுப் பாதை ஒற்றை வண்டி அகலம். ஒதுங்க அங்கங்கே இடம் உண்டு, ஆனால் எதிரெதிரே வரும் ஜீப்புகள் நிறுத்திப் பேசக்கூடாது, பேச்சுச் சத்தத்தில் மிருகமெல்லாம் ஓடிவிடும். அதனால் எங்களுக்குக் கைதான் வாய். இரண்டு விரலால் கன்னத்தில் கோடு இழுத்தால் புலி. மூடிய முஷ்டி என்றால் யானை, நில், உள்ளே வராதே. விரித்த உள்ளங்கை என்றால் ஒன்றுமில்லை, போ. மாயார்பாடி ஜீப் ஸ்டாண்டில் எழுதாத சட்டம் இது ஒன்றுதான். வாய் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம். கை புளுகக்கூடாது.

பசவன் கன்னத்தில் கோடு இழுத்தபடி கண்ணடித்துவிட்டுப் போனான். இருபது வருஷமாக ஒரே ஸ்டாண்ட், ஒரே டீ டம்ளர்.

மார்ச் 18

சவாரி நிறுத்தம். ஏதோ வைரஸ். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்கிறார் ஸ்டாண்ட் தலைவர் அப்பாஸ் பாய். ஜீப்பைக் கழுவி, பானெட்டில் எழுதியிருக்கும் 'தேவகி' என்ற பெயருக்கு மட்டும் புது வெள்ளை பெயிண்ட் அடித்தேன். பெயருக்குச் சொந்தக்காரியான என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "எம் மூஞ்சியக் கழுவ ஒரு நாளாச்சும் தண்ணி மொண்டு குடுத்திருக்கீங்களா?" என்றாள்.

ஏப்ரல் 11

ஸ்டாண்டில் புள்ளிமான்கள் படுத்திருக்கின்றன. எங்கள் பெஞ்சுக்கு அடியில் ஒரு குட்டி. இருபது வருஷம் தேடி அலைந்ததெல்லாம் இப்போது டீக்கடை வாசலுக்கு வருகிறது, காட்ட ஓர் ஆள் இல்லை. கிழிந்த காது கொம்பன் யானை நேற்று ரேஷன் கடை ஷட்டரை முட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். அவனுக்கும் அரிசி வரவில்லை.

ஜூலை 2

பீட்ரூட் மூட்டை தூக்கும் வேலை. பசவனும் நானும் ஒரே லோடு. ஸ்டியரிங் பிடித்த கை என்பதால் மூட்டையின் காது வழுக்குகிறது. பசவன், "சீலா, இதையும் கெஸ்ட்டுன்னு நெனச்சுக்க. கேள்வி கேக்காத கெஸ்ட்டு" என்றான். சிரித்துச் சிரித்து மூட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு பேரும் திட்டு வாங்கினோம்.

டிசம்பர் 20

திறந்துவிட்டார்கள். முகமூடி, சானிடைசர், ஜீப்புக்குப் பாதி ஆள். ஸ்டாண்ட் வரிசையில் என் வண்டி மூன்றாவது. வரிசை எண் வண்டியோடு ஒட்டியது, ஆளோடு அல்ல. என் அப்பா காலத்து எண், சீக்கிரம் சவாரி கிடைக்கும். காட்டின் வாசனை அப்படியே இருக்கிறது. திரும்பி வந்ததும் அழுகை வந்தது. தூசி என்று சொன்னேன்.

ஏப்ரல் 21, 2021

மறுபடியும் மூடினார்கள்.

மே 15

தேவகிக்கு மூச்சு வாங்குகிறது. ஆம்புலன்ஸ் வரவில்லை. மூன்று முறை குத்தியும் சாவி துளையில் போகவில்லை. ஜீப்பைப் பசவன் ஓட்டினான். மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கினோம்.

மே 17

தனியார் ஆஸ்பத்திரி. பணம் கட்டினால்தான் ஆக்சிஜன் படுக்கை. பசவன் எங்கேயோ போய்விட்டு வந்தான். வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "வண்டிய எனக்குக் குடுத்துரு. இப்பவே காசு தர்றேன்."

அடிமாட்டு விலை. பேரம் பேச எனக்கு நாக்கு இல்லை. உள்ளே அவள் மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். கையெழுத்துப் போட்டேன்.

மே 29

தேவகி வீட்டுக்கு வந்துவிட்டாள். வாசல் படி ஏறவே இரண்டு முறை உட்கார்ந்தாள். இனி எஸ்டேட் வேலைக்குப் போக முடியாது. ஜீப் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. அதன்மேல் மண் அள்ளிப் போட்டேன்.

ஜூலை 19

ஸ்டாண்ட் பக்கம் போனேன். என் வண்டியைப் பசவன் துடைத்துக்கொண்டிருந்தான். 'தேவகி' என்ற பெயரைக்கூட அழிக்கவில்லை. என் பெண்டாட்டி பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு ஊரைச் சுற்றப் போகிறானாம். வீட்டில் சொன்னேன். "நல்லாத்தானே எழுதியிருந்துச்சு, எதுக்கு அழிக்கணும்?" என்றாள் தேவகி. ஆஸ்பத்திரியில் இவளுக்கு ஆக்சிஜனோடு வேறு என்னத்தையோ ஏற்றிவிட்டார்கள்.

பசவன் மனைவி அரிசியும் பருப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு மட்டும். இரண்டு வண்டிக்குச் சொந்தக்காரன், கட்டியவளுக்கு ஒரு செயின் வாங்கிப் போட மனசில்லை. கஞ்சன்.

செப்டம்பர் 4

திறந்துவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் என் வண்டி, ஸ்டியரிங்கில் அவன். எண் வண்டியோடு போய்விட்டது. என் அப்பாவின் எண்.

தன் பழைய ஜீப்பைக் கூலிக்கு ஓட்டித் தரச் சொல்லிக் கேட்டான். எல்லார் முன்னாலும். "உனக்குக் கூலிக்காரனா இருக்கறதுக்கு மாயாத்துல குதிப்பேன்" என்று சொல்லிக் காறித் துப்பினேன். அவன் முகம் சுண்டிப்போனது. ஒரு நல்ல டீ குடித்த மாதிரி இருந்தது எனக்கு.

பைசன் ஹில் ரிசார்ட்டில் நாள் சம்பளத்துக்கு ஜீப் ஓட்டச் சேர்ந்திருக்கிறேன். கியர் கம்பி கையோடு வருகிற வண்டி. ஸ்டாண்ட் வரிசையில் கடைசியாக நிற்கும்.

செப்டம்பர் 12

இன்று பாதையில் பசவன் எதிரே வந்தான். நான் புலியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல ஆண், தண்ணீரில் பின்னங்காலை நனைத்தபடி உட்கார்ந்திருந்தது. பசவனின் கண் வழக்கம்போல என் கைக்கு வந்தது.

விரித்த உள்ளங்கையைக் காட்டினேன்.

ஒன்றுமில்லை, போ.

அவன் தலையாட்டிவிட்டு இடது கிளைப் பாதையில் திருப்பிக்கொண்டு போனான். புலி இருந்தது வலப் பக்கம். மாலையில் அவனுடைய கெஸ்ட் ஸ்டாண்டில் நின்று, "ஏமாத்துறீங்களாய்யா?" என்று கத்தினார். நான் பெஞ்சில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு கேட்டேன். ரொம்ப நாளுக்குப் பிறகு ராத்திரிச் சாப்பாடு ருசித்தது.

செப்டம்பர் 27

கன்னத்தில் கோடு இழுத்தேன். அவன் புலியே இல்லாத ஓடைக்கரையில் ஒரு சவாரி முழுக்கக் காத்துக் கிடந்தானாம்.

அக்டோபர் 3

விரித்த கை. கரடி தப்பியது அவனுக்கு.

அக்டோபர் 10

மற்றவர்களுக்குச் சரியாகத்தான் காட்டுகிறேன். அதை இங்கே எழுதிவைக்கிறேன். என் கை கெட்டுப்போய்விடவில்லை. அது ஓர் ஆளுக்கு மட்டும் பொய் சொல்கிறது, அந்த ஆள் அதற்குத் தகுதியானவன்.

டீக்கடையில் பசவன் வந்து பக்கத்தில் நின்றான். "கைக்கு என்னாச்சு சீலா? மழைக்கு வலிக்குதா?" என்றான்.

"நல்லாத்தான் இருக்குது."

"சரி. பாத்துக்க" என்று சொல்லி, என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனான். அந்த டீயைக் கீழே ஊற்றினேன்.

நவம்பர் 7

எரிச்சலான நாள். ஆற்றுத் திருப்பத்தில் தாய்ப்புலியும் குட்டிகளும். இந்த வருஷத்தின் பெரிய சைட்டிங். பசவன் எதிரே வந்தபோது நன்றாக, ஆற அமர, உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அந்த மடையன் நேராக ஆற்றுத் திருப்பத்துக்கே போயிருக்கிறான். அவனுடைய கெஸ்ட் எடுத்த வீடியோவை ஊரே பார்க்கிறது. அதிர்ஷ்டம் என்றால் இப்படியா ஒருவன் வீட்டுத் திண்டிலேயே சாய்ந்து உட்கார்ந்துகொள்ளும்?

நவம்பர் 15

வண்டியைத் திருப்பித் தருவானா என்று அவனிடம் கேட்டுப் பார்க்கச் சொன்னாள் தேவகி. மாட்டேன் என்றேன். "சரி, பொங்கல் வரைக்குமாச்சும் வாயக் கட்டிக்கிட்டு இருங்க" என்றாள். பொங்கலுக்கு என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, பொங்கல்னா பொங்கல்தான்" என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

டிசம்பர் 9

கிழிந்த காது கொம்பனுக்கு மதம். கன்னத்தில் தார் வழிந்த மாதிரி கறை. ஒரு விறகு வண்டியைப் புரட்டிப் போட்டிருக்கிறான். அப்பாஸ் பாய் எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொன்னார்: "டேய், இந்த மாசம் யாரும் வெளையாட்டுக் காட்டாதீங்க. முஷ்டியப் பாத்தா அங்கேயே நிக்கணும், ரிவர்ஸ் எடுக்கணும். புரிஞ்சுதா?"

எல்லாரும் தலையாட்டினோம். பசவன் என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

டிசம்பர் 19

மூங்கில் வளைவில் கொம்பன் நின்றான். அங்கே வண்டி திருப்ப இடமில்லை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆற்றுச் சரிவு. மூங்கில் மறைவில் அசையாமல் இருந்ததால் பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது. மிதித்துக்கொண்டு தாண்டினேன். பின்னாலேயே கொஞ்ச தூரம் துரத்தி வந்து, மறுபடி மூங்கிலுக்குள் போய் நின்றுகொண்டான். என் வண்டியில் இருந்தவர்கள் சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு திருப்பம் தள்ளி எதிரே 'தேவகி' வந்தது. பசவன் மட்டும்தான். பின்னால் யாரும் இல்லை. அவன் கண் என் கைக்கு வந்தது.

விரித்த உள்ளங்கையைக் காட்டினேன்.

டிசம்பர் 20

பின்னால் யாரும் இல்லை என்று நேற்று எழுதியிருக்கிறேன். இருந்தார்கள். அப்பா, அம்மா, ஒரு பெரியவர், மூன்று பிள்ளைகள். கடைசிப் பெண் மஞ்சள் குல்லா போட்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். நான் உள்ளங்கையை விரித்தபோது, திருப்பிக் கையாட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஆட்டினாள்.

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஸ்டாண்டுக்கு வந்து கெஸ்ட்டை இறக்கிவிட்டேன். தண்ணீர்க் குழாயடியில் நின்று காட்டுப் பக்கம் காதை வைத்தேன். பிளிறல் எதுவும் கேட்கவில்லை. கூப்பிட்டுச் சொல்லலாம் என்று செல்லை எடுத்தேன், காட்டில் சிக்னல் கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தேன். திரும்பி ஓட்டிப் போயிருக்கலாம். வண்டி பக்கத்தில்தான் நின்றது, சாவி என் பையில் இருந்தது. போகவில்லை. ஒரு மனது, அவன் சாகட்டும் என்றது. இன்னொரு மனது, என் வண்டி நசுங்கிவிடுமே என்றது. அந்த மஞ்சள் குல்லா மூன்றாவதாகத்தான் வந்தது. அது வந்தபோது தண்ணீரைத் திறந்துவிட்டுத் தலையை உள்ளே கொடுத்தேன்.

தலையை எடுத்தபோது ஜீப் வந்து நின்றது. முழுதாக. எல்லாரும் இறங்கினார்கள், பேயறைந்த முகத்தோடு. பசவன் கடைசியாக இறங்கி, ஸ்டாண்டுக்கே கேட்கும்படி சொன்னான்:

"பாய், இன்னைக்கு சீலன் மட்டும் முஷ்டி காட்டலேன்னா நாங்க யாரும் இல்ல. மூங்கில் வளைவுல நிக்கறான் கொம்பன். இவன் கையப் பாத்து முன்னாடியே நிறுத்திட்டேன். வெளிய வந்து ரோட்டுல ஒரு ஆட்டம் ஆடிட்டு, அவனாப் போனான்."

அப்பாஸ் பாய் என் முதுகில் ஓங்கித் தட்டினார். அந்த அப்பா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வலது கை. மஞ்சள் குல்லாக்காரி தன் சின்ன விரல்களை இறுக்கி மூடி என் முகத்துக்கு நேராக நீட்டி, "இப்படித்தான காட்டுனீங்க அங்கிள்?" என்றாள்.

"ஆமா பாப்பா" என்றேன்.

கூட்டம் கலைந்த பிறகு பசவன் குழாயடிக்கு வந்தான். முகம் கழுவினான். துண்டால் மெதுவாகத் துடைத்தான்.

"மாசக் கணக்கா பாத்துட்டு இருக்கேன் சீலா. உன் கை சொல்றதத் திருப்பிப் போட்டா சரியா வருது. அன்னைக்கு அந்தத் தாயும் குட்டியும் அப்படித்தான் கெடச்சுது. இன்னைக்கு நீ விரிச்சுக் காட்டுன. போன்னு சொன்ன. நின்னுட்டேன்."

"அப்ப ஏன் பாய்கிட்ட மாத்திச் சொன்ன?"

"நெசத்தச் சொன்னா உன்னைய ஸ்டாண்ட விட்டே தொரத்திருவாரு. நீ எங்கயாவது போயி நிம்மதியா இருந்துக்குவ." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "எனக்கு நீ இங்கயேதான் வேணும். தெனமும் கண்ணுல படணும்."

நான் போகத் திரும்பினேன். அவன் விடவில்லை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில வண்டிய எவனோ கோயம்புத்தூர்க்காரன் கேட்டுட்டு நின்னான். அவங்கிட்டப் போனா திரும்பி வருமா? எம் பொண்டாட்டி கழுத்துல கெடந்ததெல்லாம் கழட்டிக் குடுத்தா. அவ்வளவுதான் தேறுச்சு, அதுதான் வெல. பொங்கலுக்கு வண்டிய உங்கிட்டயே உட்டுறலாம்னு இருந்தேன். கொஞ்சம் கொஞ்சமா நீ அடைச்சுக்குவேன்னு. தேவகிகிட்டச் சொல்லிக்கூட வெச்சிருந்தேன்."

"இப்ப?"

"இப்ப எப்படிடா உடறது? அதுல ஜனம் ஏறும்" என்றான் பசவன்.

டிசம்பர் 21

முந்தாநாள் நான் வருவதற்குள் விஷயம் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. தேவகி பாயசம் வைத்திருந்தாள். அடுப்படியில் நின்றால் அவளுக்கு மூச்சு வாங்கும், இருந்தும் வைத்திருந்தாள். "இத்தனை நாள் அந்த மனுசன வஞ்சுட்டு இருந்தீங்க. ஆனா நேரம் வந்தப்ப உங்க கை தப்பு பண்ணல பாத்தீங்களா? எனக்குத் தெரியும்" என்றாள். இரண்டு டம்ளர் குடித்தேன். முந்திரியை எல்லாம் பொறுக்கி எனக்கே போட்டிருந்தாள்.

பொங்கலுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எண்ணெய்க் கறைமேல் நான் போட்ட மண்ணை யாரோ பெருக்கித் தள்ளிக் கோலம் போட்டிருந்தார்கள்.

டிசம்பர் 22

பசவன் அப்பாஸ் பாயிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறான். மதம் இறங்குகிற வரைக்கும், அதற்குப் பிறகும்கூட, தினமும் சீலன் வண்டி முதலில் போக வேண்டும், தான் அவனுக்குப் பின்னால் வர வேண்டும். "அவன் கைய நம்பித்தான் நான் வண்டி ஓட்டறேன்" என்றானாம். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. ரிசார்ட் வண்டி எதற்கும் ஸ்டாண்டில் முதல் இடம் இதுவரை கொடுத்ததில்லை.

வேண்டாம் என்று யாரிடம் சொல்வேன்? என்ன காரணம் சொல்வேன்?

டிசம்பர் 30

தினமும் இதுதான். நான் போய்த் திரும்புகிறேன். அவன் எதிரே வருகிறான். நான் கையைத் தூக்குகிறேன். எதைக் காட்டினாலும் அதைத் திருப்பிப் போட்டுத்தான் பார்க்கிறான்.

அவனை அடித்து நொறுக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது. முன்னைவிட அதிகமாகத் தோன்றுகிறது. ஆனால் எனக்கு இருந்தது ஒரே ஆயுதம், அதை அவன் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டான்.

ஜனவரி 3, 2022

கொம்பன் ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டான். வனக்காவலர் பார்த்திருக்கிறார், நானும் என் கண்ணால் பார்த்தேன். பாதை முழுக்கச் சுத்தமாக இருந்தது. மூங்கில் வளைவில் இறங்கி, யானை லத்தி எல்லாம் பழசுதானா என்று காலால் தள்ளிக்கூடப் பார்த்தேன்.

பசவன் எதிரே வந்தான். வண்டி நிறைய ஆட்கள். என் அப்பாவின் எண், என் மனைவியின் பெயர். உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். ஒன்றுமில்லை, போ. இந்த முறை அது உண்மை. என் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

பசவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஜீப்பை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான்.